மருமகள் திருத்திய அச்சு

என் மருமகள் விட்டுக்கொடுக்கத் தெரியாதவள். நான் அடுக்கிய அலமாரியைக் கலைத்துத் தன் இஷ்டப்படி அடுக்குவாள். அவள் வேலைக்குப் போனதும் நான் பழையபடி மாற்றிவிடுவேன். மற்றபடி தங்கமான பெண்.

அவளுக்கு வேலை சர்வர்களோடு. ஒரு பெரிய மெஷினுக்குள் பத்து இருபது கம்ப்யூட்டர்கள் குடித்தனம் நடத்துமாம். வெளியே ஒன்றும் தெரியாது. ஆளாளுக்கு ஒரு விதமாக அமைத்து வைத்ததில், ஒரு மெஷினின் கடிகாரம் முந்தும், இன்னொன்று யார் வந்தாலும் உள்ளே விடும். எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கச் சொன்னார் மேனேஜர். ஒழுங்காக ஓடும் ஒரு மெஷினின் அமைப்பை அச்சு எடுத்து, திருத்தி, மற்றவற்றின்மேல் ஏற்ற வேண்டும். அதற்கு புரொஃபைல் என்று பெயர்.

யாருடைய மெஷினிலிருந்து எடுப்பது? இவள் தன்னுடையதுதான் என்று இருந்தாள். மேனேஜரோ போன வருஷம் சேர்ந்தவன் மெஷினைக் கைகாட்டினார். அவன் தலைமுடியைப் பார்த்து எல்லோரும் வைத்த பெயர் சுருட்டை. திருத்துகிற வேலை மட்டும் இவளுக்கு.

அன்று வீட்டிலிருந்தே வேலை. சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பொருமினாள்.

“அவன் மெஷின் உசத்தியாம். நான் அதுக்கு அழுக்கெடுக்கணுமாம், அத்தை.”

“அவனும் நல்லா வேலை செய்றவன்தானே?” என்று என் மகன் வாயைக் கொடுத்தான்.

“அப்ப அவனையே கட்டியிருக்க வேண்டியதுதானே!”

மகன் தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டான்.

திருத்த வேண்டியதைத் திருத்திய பிறகும் அவள் கை நிற்கவில்லை. அவன் வைத்ததையெல்லாம் தேடித்தேடி மாற்றினாள். எல்லா மெஷினுக்கும் பொதுவான பீரோ மாதிரி ஸ்டோரேஜ் என்று ஒன்று. அதற்குப் போக அவன் இரண்டு வழி எழுதியிருந்தான். “என் மெஷினுக்கு ஒண்ணுதான். இவனுக்கு மட்டும் ரெண்டு கேக்குதா?” என்று ஒன்றை அழித்தாள். அப்போது அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே!

மத்தியானம் கடைசி வரிசையில் சும்மா இருந்த ஒரு மெஷினில் அதை ஏற்றிப் பார்த்தார்கள். மெஷின் எழுந்தது, ஸ்டோரேஜைக் காணோம். ஸ்பீக்கரில் போட்டிருந்த போனில் மேனேஜர் குரல்; சுருட்டையும் அதே லைனில் இருந்தான்.

“சுருட்டை, உன் அச்சுலதான் கோளாறு போல. பேசாம அவங்க மெஷின்லேருந்தே எடுத்துடலாம்.”

அவள் கேட்ட வரம் காதில் வந்து விழுந்தது. சும்மா இருந்தால் போதும்.

“நான்தான் சார் எங்கயோ விட்டிருப்பேன்,” என்றான் அவன். “அக்கா எல்லாம் பாத்துத்தானே அனுப்பினாங்க.”

அந்த ‘அக்கா’தான் அவளைக் குத்தியிருக்க வேண்டும். முகம் கறுத்துவிட்டது.

“அவன் ஒண்ணும் விடலை சார். ரெண்டாவது வழியை நான்தான் அழிச்சேன்.”

“ஏம்மா?”

“அவன் எழுதினது. அதான்.”

சுருட்டை விழுந்து விழுந்து சிரித்தான்.

“ஐயோ அக்கா! கடைசி வரிசைக்கு அந்த வழியாத்தான் கேபிளே போகுது!”

“முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“நீங்க என் மூஞ்சியப் பாத்தே ஒரு வாரமாச்சே!”

அழித்ததைத் திரும்ப எழுதினாள். சாயங்காலத்துக்குள் எல்லா மெஷினும் ஒரே மாதிரி ஆகிவிட்டன. ஆபீசில் அதற்கு ‘சுருட்டை புரொஃபைல்’ என்று பேர் விழுந்துவிட்டது.

“அவன் மொட்டை போட்டாக்கூட இந்தப் பேர் போகாது, அத்தை,” என்று இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறாள். ஆபீசில் என்னவோ சொல்லிக்கொள்ளட்டும். திருத்தியது என் மருமகள். எனக்கு அது அவள் அச்சுதான்.