மூன்று மாப்பிள்ளைகள் விற்ற கார்

கருங்குழியிலிருந்து செங்கல்பட்டுப் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டின் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். மத்தியானம் இரண்டு மணி. எனக்குப் பின்னால் நானூறு எச்.பி. உள்ள சிவப்பு அமெரிக்க ஸ்போர்ட் கார் ஒன்று என்னை முந்தாமல் ஊர்ந்து வந்தது. லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துவிட்டுப் போனார்கள். ஒரு பஸ் கண்டக்டர் படியில் நின்றபடி, "இன்னா அண்ணாத்த, சாமி ஊர்வலமா?" என்று கேட்டார். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். அரை மணி நேரத்துக்கு முன்புதான் எனக்கு வேலை போயிருந்தது.

நான் எட்டாம் வகுப்பில் நின்றவன். செங்கல் சூளை, இறால் பண்ணை, லாரி கிளீனர், பிறகு லாரி டிரைவர், மாமல்லபுரத்தில் டூரிஸ்ட் வேன் என்று முப்பது வருடத்துக்கு மேல் ஓடியாயிற்று. வேலை போகிற அன்று பஸ்ஸுக்குக் காசு இருந்தாலும் கொஞ்ச தூரம் நடப்பேன். அடுத்து என்ன என்று யோசிக்க அது வசதி. ஆனால் போன வேலையே பின்னால் உருண்டு வந்தது அந்த ஒரு நாள்தான்.

யார்டு

திருவிடந்தையில், ஈ.சி.ஆர். ஓரத்தில், நசீர் பாய்க்குப் பழைய கார் யார்டு இருந்தது. காலையில் வண்டிகளின் மேல் படிந்த உப்புக் காற்றைத் துடைப்பது, பேட்டரி இறங்காமல் ஒவ்வொன்றாக ஸ்டார்ட் செய்வது, வருகிறவர்களை டெஸ்ட் டிரைவ் கூட்டிப்போவது, இதெல்லாம் என் வேலை.

திருவிடந்தை பெருமாள் கோயிலுக்குக் கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் வருவார்கள். சாமிக்குச் சாத்திய மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்றுச் சுற்றி, அதை வீட்டில் பத்திரமாக வைத்திருப்பார்கள். கல்யாணம் ஆனதும் ஜோடியாக வந்து அந்தப் பழைய மாலையைக் கோயிலில் சேர்ப்பார்கள். பாய் செங்கல்பட்டில் இருந்த யார்டை இங்கே மாற்றியதற்கே அதுதான் காரணம்.

"கோயிலுக்கு வர்ற பையன் கழுத்துல மால கீது, பேங்குல டப்பு கீது, வேணாம்னு சொல்றதுக்கு வூட்ல பொண்டாட்டி இல்ல" என்பார். "மால போட்டதுலேந்து தாலி கட்றதுக்குள்ள நாம வித்துடணும்."

அந்த வியாபாரத்துக்கென்றே அவர் வாங்கி நிறுத்தியிருந்தது இந்த கூபே. கூபே என்றால் இரண்டே கதவு. பின்சீட் பெயருக்கு ஒன்று இருக்கும். முன்சீட்டை மடக்கி, உடம்பையும் மடக்கித்தான் அதற்குள் போக முடியும்.

கஸ்டமரிடம் சொல்வதற்காக இந்த ரக வண்டியின் வரலாற்றை பாய் எனக்கு ஒரு வாரம் பாடம் நடத்தினார். எனக்கு அது ஒரு ஆம்பிளையின் வாழ்க்கையாகத்தான் மனதில் நின்றது. அறுபது வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவில் பிறந்தபோது ஒல்லி. நீண்ட பானெட், குட்டி வால். அடியில் இருந்ததெல்லாம் சாதாரணக் குடும்பக் காரின் சாமான்தான், அதனால் ஆபீஸ் பையன்களுக்கும் விலை கட்டுப்படியானது. பத்து வருடத்துக்குள் உடம்பு ஊதிவிட்டது. அங்கே பெட்ரோல் தட்டுப்பாடு வந்ததும் பத்தியச் சாப்பாட்டில் போட்டுச் சின்ன என்ஜின் வைத்தார்கள், ஆள் சோர்ந்துபோனார். அப்புறம் பெட்டி மாதிரி சட்டை போட்டுக்கொண்டு கொஞ்ச காலம். பிறகு ஒரு நாள் தலைக்கு டை அடித்து, சின்ன வயசு முகத்தோடு திரும்பி வந்தார். இப்போதுதான் பின்சக்கரங்கள் தனித்தனியாக மேடு பள்ளம் பார்க்கிற சஸ்பென்ஷன் வந்தது, ஸ்டியரிங்கும் நம் பக்கத்துக்கு மாறியது. எட்டு சிலிண்டர் மட்டும் விடவில்லை. ஸ்டார்ட் செய்தால் பக்கத்துக் கடை தகரம் அதிரும்.

இந்த வண்டியைப் புதிதாக வாங்குகிறவரைவிட இரண்டாவதாக வாங்குகிறவர் கெட்டிக்காரர். விலையில் பெரிய இறக்கம் முதல் ஆளோடு போய்விடும். நம் ரோட்டில் அதிகம் ஓட்ட முடியாது என்பதால் கிலோமீட்டரும் குறைவாக இருக்கும். ஆனால் குனிந்து அடிவயிற்றைப் பார்க்க வேண்டும், ஸ்பீட் பிரேக்கர் எழுதிய கையெழுத்தெல்லாம் அங்கேதான் இருக்கும். டயரில் தேய்மானத்தைப் பார்த்தால் போதாது, தயாரான வருடத்தைப் பார்க்க வேண்டும். பானெட்டில் கை வைத்து, என்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும். கடலோரத்தில் நின்ற வண்டி என்றால் ரேடியேட்டரில் துரு தேட வேண்டும். இதையெல்லாம் பார்த்தாலும் எங்கள் வண்டி சுத்தம். மூன்று கை மாறியது ஒன்றுதான் குறை.

ஏன் விற்றார்கள் என்று யாராவது கேட்டால், "ஃபாரின் போயிட்டாங்கன்னு சொல்லு" என்பது பாயின் உத்தரவு. உண்மை வேறு. முதல் ஆள் கல்யாணமாகி ஆறாவது வாரம் விற்றார். மனைவியின் பெட்டி டிக்கியில் நுழையவில்லை. இரண்டாவது ஆளின் மாமனார் பின்சீட்டில் ஏறும்போது இடித்து மண்டையில் தையல் போட வேண்டியதாயிற்று. மூன்றாவது ஆளுக்கு இரட்டைக் குழந்தைகள்.

மாலையோடு வந்தவர்

ஒரு வெள்ளிக்கிழமை பாய் தொழுகைக்குப் போயிருந்தார். கழுத்தில் மாலையோடு பார்த்திபன் உள்ளே வந்தார். கூடுவாஞ்சேரியில் தண்ணீர் கேன் கம்பெனி நடத்துகிறவர். வயது முப்பத்தேழு, அதுவரை பதினாறு இடத்தில் பெண் பார்த்தாயிற்று. கூடவே அவருடைய அக்கா மல்லிகாவும், பிரசாதப் பையைச் சுமந்துகொண்டு அக்கா புருஷனான மாமாவும். மல்லிகா என்னைவிட இளையவர்தான். ஆனால் இந்தத் தொழிலில் வாங்க வருகிற எல்லாப் பெண்களும் அக்காதான்.

பார்த்திபன் காரைப் பார்த்தபடியே நின்றார். மல்லிகா ஆர்.சி. நகல்களைப் பார்த்தார்.

"மூணு கை மாறி கீதே. இன்னா கோளாறு?"

மூன்று பேரும் ஃபாரின் என்றால் இந்த அம்மா நம்பாது என்று எனக்குத் தோன்றியது.

"கோளாறு ஒண்ணும் இல்லக்கா. மூணு பேரும் கல்யாணம் ஆவாத பசங்க. வாங்கின ஒரு வருசத்துக்குள்ள கல்யாணம் ஆச்சு, வித்துட்டாங்க."

வியாபாரம் போய்விட்டது என்றே நினைத்தேன். மல்லிகா நகல்களை மாமாவிடம் கொடுத்தார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

"மொத ஆளுக்கு எத்தினி மாசத்துல ஆச்சு?"

"ஏழு. ரெண்டாவது ஆளுக்கு நாலு."

"மூணாவது?"

"பதினொண்ணு. அவுருக்கு செவ்வா தோசம்."

"என் தம்பிக்கும் செவ்வா தோசந்தான்" என்று சொல்லிவிட்டு, பானெட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பாய் திரும்பி வந்தபோது பேரம் பேச ஒன்றும் பாக்கி இல்லை. அவர்கள் போனதும் என்னைக் கூப்பிட்டு என்ன சொன்னேன் என்று விசாரித்தார். உண்மையைச் சொன்னேன் என்றேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இருவது வருசமா இந்தத் தொழில்ல கீறேன்" என்றார். "இத மட்டும் நான் ட்ரை பண்ணதே இல்ல."

வண்டி போனதே தவிர பார்த்திபன் அதை ஓட்டவில்லை. லோடு ஆட்டோவில் ஜி.எஸ்.டி. ரோடு முழுக்கத் தண்ணீர் கேன் போடுகிற ஆள், இதில் ஏறி உட்கார்ந்தால் முன்னால் நீண்டு கிடக்கிற பானெட்டைப் பார்த்துப் பிரேக்கிலேயே காலை வைத்திருப்பார். தெருமுனை தாண்டியதில்லை. அதனால் பாய் என்னை ஞாயிற்றுக்கிழமைகளில் அனுப்பிவைத்தார். நான் போய் ஸ்டார்ட் செய்து, கால் மணி நேரம் ஓடவிட்டு, துடைத்துவிட்டு வருவேன். மல்லிகா ஒவ்வொரு வாரமும் வண்டி வாங்கி இதுவரை எத்தனை நாள் ஆகியிருக்கிறது என்று எனக்குச் சொல்வார்.

கருங்குழி

ஏழாவது வாரம் கருங்குழியில் ஒரு இடம் கூடிவந்தது. பெண் பார்க்க இந்தக் காரில்தான் போக வேண்டும் என்று மல்லிகா பிடிவாதம். நான் ஓட்டினேன். பார்த்திபன் முன்னால், அக்காவும் மாமாவும் பின்னால், மடியில் பழத்தட்டு. ஊருக்குள் நுழைந்ததும் ஸ்பீட் பிரேக்கர். எடை குறைய வேண்டுமென்று மாமாவை இறக்கினோம். அதற்கு முதலில் பார்த்திபன் இறங்கி, சீட்டை மடக்க வேண்டும். மாமா ரோட்டில் குந்தி அடியைப் பார்த்து, "வா, வா" என்பார். மூன்றாவது ஸ்பீட் பிரேக்கரில் அவர் பழத்தட்டை வாங்கிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார். எங்களுக்கு முன்னால் பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

வாசலில் எல்லாரும் நிற்க, மல்லிகாவால் இறங்க முடியவில்லை. பதற்றத்தில் பார்த்திபன் சீட்டின் தப்பான லீவரை இழுக்க, சீட் இன்னும் பின்னால் வந்து அக்காவை நெருக்கியது. உள்ளேயிருந்து ஒரு பெண் வேகமாக வந்து, தோள் பக்கத்தில் இருந்த லீவரைத் தூக்கிச் சீட்டைத் தள்ளி, கை கொடுத்து மல்லிகாவை வெளியே எடுத்தாள். அதுதான் நாங்கள் பார்க்க வந்த பெண், ரேவதி. மறைமலை நகர் பக்கம் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருப்பதாக அப்புறம் சொன்னார்கள்.

காபி வந்தது. பெரியவர்கள் வெயிலைப் பற்றிப் பேசி முடித்தார்கள். ரேவதி நேராகப் பார்த்திபனிடம் கேட்டாள்.

"வண்டி நல்லாருக்கு. நீங்கதான் ஓட்டுவீங்களா?"

"இல்லீங்க. பயம்."

"அப்புறம் எதுக்கு வாங்குனீங்க?"

பார்த்திபன் அக்காவைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத ஆள். "வாங்கினா கல்யாணம் ஆவும்னாங்க" என்று சொல்லி, வாசற்படியில் உட்கார்ந்திருந்த என்னைக் காட்டினார். ரேவதியின் அப்பாவுக்குக் காபி புரையேறியது. வீட்டில் இருந்த அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் மூன்று பேர் கதையையும் ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டியதாயிற்று. ரேவதி சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள்.

"வாங்குனதால கல்யாணம் ஆச்சா அண்ணே, கல்யாணம் ஆனதால வித்தாங்களா?"

"கல்யாணம் ஆனதாலதாம்மா வித்தாங்க. பின்சீட்டுல ஆளு குந்த முடியாது."

மல்லிகா எழுந்துவிட்டார். "இத ஏன் அன்னிக்கே சொல்லல?"

"இதத்தாங்கா அன்னிக்கும் சொன்னேன்."

பதினேழாவது இடம் என்னால் போனது என்று நினைத்துக்கொண்டு தலையைக் குனிந்தேன். ரேவதி அவளுடைய அப்பாவிடம்தான் சொன்னாள், ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"பயம்னு ஒத்துக்கினாருப்பா. அது எனக்குப் புடிச்சிருக்கு. ஆனா பயந்துகினே ஒரு பொருள வூட்ல வச்சிருக்கக் கூடாது. அடுத்த ஞாயித்துக்கெழம இத அவரே ஓட்டிகினு தனியா வரட்டும். அப்ப பதில் சொல்றேன்."

வெளியே வந்ததும் மல்லிகா பாய்க்குப் போன் போட்டார். என் போனுக்குப் பாய் உடனே கூப்பிட்டார். கத்தவில்லை. "நான் வண்டிதான்யா வித்தேன். நீ அதுல வரத்தையும் சேத்து வித்துட்ட" என்றார். கொஞ்ச நாள் யார்டு பக்கம் வர வேண்டாம் என்றார். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று எனக்கு அனுபவத்தில் தெரியும். சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தேன்.

மல்லிகா தம்பியை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, இப்போதே ஓட்டு என்று சொல்லிவிட்டார். ஊர் எல்லையில் பார்த்திபன் கண்ணாடியை இறக்கி என்னை ஏறிக்கொள்ளச் சொன்னார். பின்னாலிருந்து, "ஏற வேணாம்" என்று மல்லிகாவின் குரல் வந்தது.

"அப்ப முன்னால நடங்க அண்ணாத்த" என்றார் பார்த்திபன். "உங்க முதுக பாத்துகினே வரேன்."

படாளம்

அப்படியே படாளம் வரை வந்துவிட்டோம். டீக்கடை ஓரமாக நின்றதும் பின் கண்ணாடியை யாரோ உள்ளேயிருந்து தட்டினார்கள். அந்தக் கண்ணாடி இறங்காது. போய் லீவரைத் தூக்கி மல்லிகாவை வெளியே எடுத்தேன். முகமெல்லாம் வேர்த்திருந்தது. ஒரு டீ குடித்து முடிக்கிற வரைக்கும் என்னைப் பார்க்கவில்லை.

"இந்த எடமும் தவறிச்சுன்னா இனிமே எங்கயும் வர மாட்டேன்னு சொல்லிட்டான்" என்றார் அப்புறம். "ஆறு நாளு கீது. அவனுக்கு ஓட்டக் கத்துத்தர உன்னால முடியுமா?"

"முடியும்க்கா. ஆனா நீங்க வண்டில இருக்கக் கூடாது."

அவருக்குக் கோபம் வரவில்லை. மாமாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். கூடுவாஞ்சேரி வரை நான் ஓட்டினேன். காலி தண்ணீர் கேன்களுக்கு நடுவில் ஒரு கோரைப்பாய் விரித்துக் கொடுத்தார்கள். நல்ல தூக்கம்.

பழைய வண்டித் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக் கூடியது இதுதான். உண்மையைச் சொல்லிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கேட்டவர் அதை என்னவாக எடுத்துக்கொண்டார் என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். நான் இரண்டு முறையும் ஒரே உண்மையைத்தான் சொன்னேன். ஒரு முறை வண்டி போயிற்று, ஒரு முறை வேலை போயிற்று.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்குத் திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற ரோட்டில், ஆள் நடமாட்டம் தொடங்குவதற்கு முன், வண்டியை நிறுத்தி இடப்பக்கம் மாறி உட்கார்ந்தேன். ஓட்டக் கற்றுத்தருகிற வேலையில் எனக்கும் அதுதான் முதல் நாள். நான் உட்கார்ந்த பக்கம் பிரேக் இல்லை. பார்த்திபன் பட்டனை அழுத்தினார். எட்டு சிலிண்டரும் ஒன்றாகக் கர்ஜித்தன. அவர் கண்ணை மூடி இரண்டு கையையும் கூப்பினார்.

"கும்புட்டது போதும் தம்பி" என்றேன். "ஸ்டியரிங்க புடிங்க."