பதினான்காம் நாளுக்கு முன்

கல்முனை பிரதான வீதியில் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் இருக்கும் எங்கள் சிறிய சட்ட உதவி அலுவலகத்தில் வினோஜாவின் வேலை, நாட்களை எண்ணுவது. பாண்டிருப்புக்காரி, வயது முப்பத்துமூன்று. பாராளுமன்றம் கூடும் காலங்களில் ஒவ்வொரு காலையும் அதன் அலுவல் பட்டியலான ஒழுங்குப் பத்திரத்தைத் திறந்து, ஆட்களைப் பிடிப்பது, கூட்டம் கூடுவது, எழுதுவது, பேசுவது பற்றிய சட்டமூலம் ஏதும் வந்திருக்கிறதா என்று பார்ப்பார். வந்திருந்தால் சுவர்க் கலண்டரில் அந்தத் திகதியைச் சிவப்பால் வட்டமிட்டு, பதினான்காம் நாளில் இன்னொரு வட்டம் போடுவார். அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போவதானால் அந்த இரண்டு வட்டங்களுக்குள் போய்விட வேண்டும். சட்டமாகிவிட்டால் பிறகு போக வழியில்லை.

ஆறு வருடங்களில் அவர் ஒரு வட்டத்தையும் தவறவிட்டதில்லை. கீழே கடை வைத்திருக்கும் நளீர், படியில் காணும்போதெல்லாம் கேட்பார்: "என்ன தங்கச்சி, இண்டைக்கு நாங்க வாய் திறக்கலாமா?"

"பின்னேரம் வரைக்கும் திறக்கலாம்" என்று சொல்லிவிட்டு வினோஜா மேலே ஏறிவிடுவார்.

கடந்த ஒக்டோபர் இருபத்தோராம் திகதி வந்த சட்டமூலத்தில் ஒரு பிரிவு, நீதவானிடம் கொண்டுபோகாமலே ஒருவரை மாதக்கணக்கில் தடுத்துவைக்க அதிகாரம் கொடுத்தது. இரண்டாவது வட்டம் நவம்பர் நான்கில் விழுந்தது. கொழும்பில் மனுவைத் தயாரித்த சட்டத்தரணி, அப்படி அடைபட்டுக் கிடந்த ஒருவரின் குடும்பத்தவர் மனுதாரராக இருந்தால்தான் மனுவுக்கு உயிர் இருக்கும் என்றார். நடந்ததை அவர் சத்தியம் செய்து எழுதிக்கொடுக்கும் சத்தியக் கடதாசி வேண்டும்.

வினோஜா நற்பிட்டிமுனை அஸீஸாவை அழைத்தார். அஸீஸாவின் கணவர் காலிதீன், எந்தக் குற்றச்சாட்டும் இல்லாமல் பதினொரு மாதம் தடுப்பில் இருந்தவர். வெளியே வந்தும் உடம்பு தேறவில்லை. ஜூன் இருபத்தேழில் மௌத்தானார். அவருக்காகக் கதைக்க இப்போதுதான் ஓர் இடம் கிடைத்திருக்கிறது என்று அஸீஸா உடனே சம்மதித்தார். ஆனால் இத்தா முடிந்த பிறகே படியிறங்குவேன், அதை முறிக்கமாட்டேன் என்றும் சொன்னார். கணவனை இழந்த பெண், நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் முன் வராமல் வீட்டோடு இருக்கும் காலம் அது. சத்தியக் கடதாசியோ, கையெழுத்தை உறுதிப்படுத்தும் சமாதான நீதவானுக்கு முகத்தையும் அடையாள அட்டையையும் காட்டி, அவர் முன்னால் கையெழுத்திட வேண்டியது. எங்களுக்குத் தெரிந்த ஒரேயொரு பெண் சமாதான நீதவான் உம்றாவுக்காக மக்காவுக்குப் போயிருந்தார்.

வினோஜா கலண்டர் முன் நின்று எண்ணினார். ஒக்டோபர் இருபத்தேழோடு நான்கு மாதம். இன்னும் பத்து நாள். நவம்பர் ஆறு. இரண்டு நாள் பிந்திவிடும். அலுவலகத்தில் சட்டமூலங்களின் சிங்களப் பிரதியைத் தமிழோடு ஒப்பிட்டுப் பார்க்கும் நானும் எண்ணினேன். ஆறுதான்.

மனுதாரராக வேறு யாரும் கிடைக்கவில்லை. ஒக்டோபர் முப்பதாம் திகதி வினோஜாவும் நானும் நற்பிட்டிமுனைக்குப் போனோம். பெண்கள் என்பதால் எங்களை உள்ளறைக்கே விட்டார்கள். அங்கே அஸீஸா வெள்ளை உடுப்போடு பாயில் இருந்தார். மகள் றுஸ்தா பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள். வினோஜாதான் பேச்சைத் தொடங்கினார்.

"ராத்தா, உங்கள நெருக்க வரல்ல நான். உங்கட பேரில்லாமலே மனுவக் குடுப்பம்."

"ஏன்? என்ன நடந்த?"

"நாலாந் திகதியோட தவணை முடியுது. உங்கட இத்தா ஆறாந் திகதி மட்டும் இரிக்கே."

அஸீஸா எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார்.

"பாராளுமன்றத்துக்கே நாள் எண்ணுற ஆள்தானே நீங்க. இத்தாவ ஆராவது கலண்டரில எண்ணுவாங்களா புள்ள? பிறையிலதான் எண்ணுற. அவர் மௌத்தானது முதல் பிறையில. வாற ஞாயித்துக்கிழமையோட எனக்கு முடியுது."

பிறை மாதத்துக்கு இருபத்தொன்பது நாள், மிஞ்சினால் முப்பது. எங்கள் கணக்கில் நான்கு நாள் கூடியிருந்தது. அடுத்த வேலியில் முஸ்லிம்கள் நோன்புப் பிறை பார்ப்பதைக் கண்டு வளர்ந்தும் எங்கள் இருவருக்கும் அது தோன்றவில்லை. அஸீஸாவோ எங்களுக்குத் தெரியும் என்றே இருந்திருக்கிறார். அலுவலகத்துக்கு வந்ததும் வினோஜா கலண்டரில் நவம்பர் இரண்டில் பென்சிலால் சிறிய பிறை ஒன்று வரைந்தார்.

திங்கட்கிழமை காலை, றுஸ்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அஸீஸா மாடிப்படி ஏறி வந்தார். கீழே நளீர் பகிடி எதுவும் விடாமல் எழுந்து நின்றாராம். மேலே காத்திருந்த சமாதான நீதவான் பேனையை நீட்டினார். அஸீஸா அதை வாங்காமல், கடதாசியை முதல் வரியிலிருந்து படித்தார். இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது.

"பதினொரு மாசம் எண்டு இரிக்கு. பதினொரு மாசமும் நாலு நாளும்."

நான்கு நாளால் வழக்குக்கு ஒன்றும் ஆகாது, கடதாசி கொழும்புக்குப் போக வேண்டிய பின்னேர பஸ்ஸுக்கு நேரமாகிவிடும் என்றார் சமாதான நீதவான்.

"அந்த நாலையும் நான்தான் எண்ணின" என்றார் அஸீஸா.

வினோஜா கடதாசியை வாங்கிக்கொண்டு கணினிக்குப் போனார். வரியைத் திருத்தி, அந்தப் பக்கத்தை மறுபடி அச்செடுத்தார். அஸீஸா அதையும் ஒருமுறை படித்த பிறகே பேனையைக் கேட்டார். மறுநாள் பகல் கொழும்பில் மனு பதிவானது, அந்த நான்கு நாட்களோடு.