பிழையே இல்லாத பக்கம்

என் தம்பிக்கு ஆபீஸில் 'அப்புறம்' என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் அப்புறம் பார்த்துக்கலாம் என்பான். அதற்காக வேலை தெரியாதவன் இல்லை. இணையதளத்தில் ஆட்கள் கண்ணால் பார்த்துக் கையால் அமுக்குகிற பகுதியை அவனைப் போல மளமளவென்று எழுதித் தள்ள எங்கள் பிரிவில் ஆள் கிடையாது. அவன் அக்கா நான் அங்கேயே டெஸ்டர். அவன் செய்ததில் குறை கண்டுபிடிப்பது என் பிழைப்பு. வீட்டிலும் உனக்கு அதே வேலைதானே என்பான்.

வீட்டில் நாங்கள் இருவரும் அப்பாவும். அப்பா முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. மூன்று வருஷத்துக்கு முன் இரண்டு கண்ணும் போய்விட்டது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் போன் ஒன்றை வைத்துக்கொண்டு செய்தி கேட்பார், பழைய கண்டக்டரோடு மணிக்கணக்கில் வம்பளப்பார். எதற்கும் எங்களைக் கேட்கமாட்டார். ரோஷக்காரர்.

போன மாதம் ஆஸ்பத்திரிக்காரர்கள் டாக்டரைப் பார்க்க இனி இணையதளத்தில்தான் நேரம் குறிக்க வேண்டும் என்றார்கள். அப்பா தானே குறித்தார். டாக்ஸி பிடித்துப் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பட்டியலில் பெயர் இல்லை, நீங்களே ரத்து செய்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து போனை மேஜை இழுப்பறையில் போட்டு மூடினார்.

"இனிமே எனக்கு வேணுங்கறத நீங்களே பண்ணிடுங்க. என்னால ஒண்ணும் ஆகாது" என்றார்.

அன்றிலிருந்து கையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் என் போனில் கூப்பிட்டால் தூங்குவதாகச் சொல்லச் சொல்கிறார். அந்த இணையதளம் எங்கள் ஆபீஸ் செய்ததுதான். அதனாலேயே, அப்பாதான் தடுமாறியிருப்பார் என்று இருவரும் முடிவு கட்டினோம். வயசாகிவிட்டது என்று பேசிக்கொண்டோம்.

நேற்று அதே தளத்தில் ஒரு லின்ட் ப்ளக்இன் பொருத்தும் வேலை தம்பிக்கு வந்தது. லின்ட் என்பது, எழுதிய நிரலை வரிவரியாகப் படித்து, இங்கே கோளாறு, அங்கே கோளாறு என்று சொல்லும் கருவி; எங்களிடம் முன்பிருந்தே இருக்கிறது. அதோடு புதிதாகச் சேர்க்கிற துணைக்கருவிதான் இந்த ப்ளக்இன், பார்வையில்லாதவர்களுக்காகவும் பார்க்கும்: படத்துக்கு விளக்கம் இருக்கிறதா, பட்டனுக்குப் பெயர் இருக்கிறதா என்று. தம்பி அதை இறக்கி, அமைப்புக் கோப்பில் சேர்த்து, ஓடவிட்டான். திரை முழுக்கச் சிவப்பு. இருநூற்றுப் பதினான்கு பிழைகள். நேரம் குறிக்கும் பக்கத்தில் மட்டும் ஒன்றுகூட இல்லை.

எனக்கு அது சரியாகப் படவில்லை. பதினோரு வருஷத்தில் பிழையே இல்லாத பக்கத்தை நான் பார்த்ததில்லை. திறந்து காட்டு என்றேன். முதல் வரியிலேயே, இந்தக் கோப்பைச் சோதிக்காதே என்று லின்ட்டுக்கு உத்தரவு. பக்கத்தில் ஒரு குறிப்பு: அப்புறம் சரி செய்யணும். இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. பக்கத்தை எழுதிய தம்பிதான் ஏதோ அவசரத்தில் கருவியின் வாயை அடைத்திருக்கிறான்.

அந்த வரியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினான். பத்தொன்பது பிழைகள். கடைசி இரண்டும் பக்கத்தின் அடியில் இருந்த பட்டன்கள். ஒன்றில் டிக் குறி, உறுதி செய்ய. இன்னொன்றில் பெருக்கல் குறி, ரத்து செய்ய. இரண்டுக்கும் பெயர் இல்லை. அப்பாவின் போன் முதலில் 'பட்டன்' என்றிருக்கும், அடுத்ததற்கும் 'பட்டன்' என்றிருக்கும். அந்தப் பக்கத்துக்குச் சரி என்று போட்டவள் நான்தான். எனக்கு இரண்டு குறியும் பளிச்சென்று தெரிந்தன.

அவனைத் திட்ட வாயெடுத்தேன், வரவில்லை. கோபமும் வரவில்லை. ஒரே பக்கமாக உட்கார்ந்து கால் மரத்துப்போனது போல உள்ளே எல்லாம் கிடந்தது. தம்பி ஒவ்வொரு பட்டனாகப் பெயர் கொடுத்துக்கொண்டு போனான். மத்தியானம் இருவரும் சாப்பிட்டோம். என்ன சாப்பிட்டோம் என்று கேட்டால் தெரியாது. நான்கு மணிக்கு நான் சோதித்துச் சரி போட்டேன், இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு, போன் படித்துச் சொல்வதை மட்டும் கேட்டு.

வீட்டுக்கு வந்ததும் தம்பி இழுப்பறையிலிருந்து போனை எடுத்தான். சார்ஜ் சுத்தமாக இல்லை. புதுப் பெயர்களைப் போனையே சொல்லவிட்டு, தான் பேசாமல் தப்பித்துவிடலாம் என்று நினைத்திருப்பான் போல. அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றான்.

"அப்பா, அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் நான் எழுதினது. ரெண்டு பட்டனுக்கும் பேர் வைக்காம விட்டுட்டேன். எது எதுன்னு உங்க போனால சொல்லியிருக்க முடியாது."

திட்டட்டும் என்று இருவரும் காத்திருந்தோம்.

"அப்ப நான் தப்பா அமுக்கலையா?" என்றார் அப்பா.

"இல்லப்பா."

அப்பா முகத்தை என் பக்கம் திருப்பினார். தம்பி ஆறுதலுக்குச் சொல்கிறானோ என்று சந்தேகம். நான் யாருக்கும் ஆறுதல் சொல்கிறவள் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

"நீ சொல்லும்மா. நான் தப்பா அமுக்கலையா?"

"இல்லப்பா. நானும்தான் பாத்துட்டு சரின்னு விட்டுட்டேன்."

அப்பா கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார். அணைந்து கிடந்த திரையை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

"சார்ஜர எங்கடா வச்சீங்க?" என்றார்.

தம்பி உள்ளே ஓடினான். எனக்கு அப்போதுதான் வலித்தது.