தட்டிக்கிட்டே இருங்கப்பா

இது எனக்கே நடந்தது. நான் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். சீட்டில் எழுதியிருப்பதைத்தான் எடுத்துக் கொடுப்பேன், கூட ஒன்று சேர்த்துப் பழக்கமில்லை. இதிலும் சேர்க்கவில்லை. நேரமெல்லாம் கைபேசியில் நான் பார்த்த நேரம். இடம் பனி கொட்டும் பிஷ்கெக் நகரம். ஜனவரி மாதம், வியாழக்கிழமை. பயந்த சுபாவம் உள்ளவர்கள் பகலில் படியுங்கள்.

என் பெயர் புருல். எனக்குப் பூட்டுப் பைத்தியம். ஞாயிறுதோறும் பழைய சாமான் சந்தைக்குப் போய்த் துருப்பிடித்த பூட்டுகளை வாங்கி வருவேன். சமையலறை மேசையில் வைத்து, சாவி இல்லாமல் திறப்பேன். இதுவரை அறுபத்து மூன்று. சந்தையில் சாவி வெட்டும் யூசுர் அண்ணன் என் கை ஓட்டத்தைப் பார்த்துவிட்டு மூன்று வாரமாக என்னை விடவில்லை.

"மருந்துக்கடை மூணு மணிக்கு முடியுதுல்ல? சாயங்காலம் வர்ற வேலையை நீ பாரு தங்கச்சி. என் முட்டி மாடிப்படியைப் பார்த்தாலே அழுவுது."

"யோசிச்சுச் சொல்றேண்ணே."

"எவ்ளோ யோசிப்ப? அறுபத்து மூணு பூட்டையும் ஊறுகா போடப் போறியா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேசையில் கிடக்கிற பூட்டுக்குப் பின்னால் யாரும் இல்லை. கதவில் இருக்கிற பூட்டுக்குப் பின்னால் ஆள் உண்டு. அதுதான் என் பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் என் அப்பா.

அப்பா தனியாக இருந்தார். அந்தக் குடியிருப்பில் திருட்டு அதிகம். நான்தான் பெரிய புத்திசாலி மாதிரி யோசனை சொன்னேன். "உள்ள பூட்டிட்டு சாவியைப் பூட்டுலயே விட்டுடுங்கப்பா. வெளியிலேருந்து எவன் கள்ளச்சாவி போட்டாலும் நுழையாது." மகள் சொன்னாள் என்று அப்பா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார்.

போன வருடம் பிப்ரவரி 9, மாலை 5.10. அப்பா வாசல் நடையில் விழுந்துவிட்டார். கதவுக்கு வெளியே நின்ற என்னிடம் மாற்றுச் சாவி இருந்தது. நுழையவில்லை.

பனியில் மீட்பு வண்டி வந்து சேர நாற்பத்தேழு நிமிடம் ஆனது. நான் கதவில் காதை வைத்துக்கொண்டு கத்தினேன். "தட்டிக்கிட்டே இருங்கப்பா! நிறுத்துனா நான் பயந்துடுவேன்!" வாசலில் மாட்டியிருந்த, காலணி போட உதவும் அந்த நீள இரும்புக் கரண்டியால் அப்பா கதவின் அடியில் தட்டினார். இரண்டு தட்டு... சற்று இடைவெளி... ஒரு தட்டு. முப்பத்தெட்டாவது நிமிடத்தில் தட்டுவது நின்றது.

கதவை உடைத்து உள்ளே போனபோது அவருடைய இடது காலில் மட்டும் செருப்பு இருந்தது. வலது செருப்பு அலமாரிக்கு அடியில் கிடந்தது. அதை நான் என் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

உள்ளே மாட்டியிருக்கும் சாவியின் முனையை வெளியிலிருந்தே கவ்வித் திருப்ப ஒரு மெல்லிய குறடு இருக்கிறது. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வாங்கினேன். பழகினேன். நாலு நிமிட வேலை. நாலே நாலு நிமிடம்! அன்றைக்கு அது தெரிந்திருந்தால் என் அப்பா இருந்திருப்பார்.

வியாழன் மாலையில் எங்கள் வீடுகளில் எண்ணெய் காயவைத்து ஏழு ரொட்டி பொரிப்போம். அந்த வாசனைக்கு இறந்தவர்கள் தங்கள் வீட்டைத் தேடி வருவார்கள். அப்பாவுக்கு நான் ஒருமுறைகூடப் பொரிக்கவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவரைக் கூப்பிடுவேன்? பதினோரு மாதமாக என் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறவே இல்லை.

இனி அந்த வியாழனுக்கு வருகிறேன்.

மாலை 5.05. யூசுர் அண்ணன் போன் செய்தார்.

"உன் தெருவுக்கு அடுத்த தெருதான் தங்கச்சி. மூணாவது மாடி. ஷாயிர்குல்னு ஒரு வயசான அம்மா, தனியா இருக்காங்க. போனை எடுக்கலன்னு பொண்ணு மாஸ்கோலேருந்து அழுவுது. இந்த ஒரு கதவை மட்டும் திறந்து குடு. அப்புறம் வேலை வேணுமா வேணாமான்னு சொல்லு."

5.22க்குப் போய்ச் சேர்ந்தேன். இருட்டிவிட்டது. கதவுக்கு வெளியே அந்த அம்மாவின் பக்கத்து வீட்டு கலீனா அக்கா நின்றிருந்தாள்.

"நாலு மணிலேருந்து இடிக்கிறேன். ஒரு சத்தமும் இல்லம்மா..."

சாவித் துளையில் விளக்கடித்துப் பார்த்தேன். உள்ளே சாவி இருந்தது.

அதே ரகப் பூட்டு. அதே போல உள்ளே விட்ட சாவி. கதவிடுக்கில் பொரித்த எண்ணெய் வாசனை வேறு. குறடு கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. யூசுர் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"என்னால முடியாதுண்ணே. நீங்க வாங்க."

"பனியில நான் வந்து சேர முக்கா மணி ஆகுமே தங்கச்சி..."

முக்கால் மணி. அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். போனை வைத்துவிட்டுத் திரும்ப இறங்கிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்போதுதான் கேட்டது.

டொக், டொக்... டொக்.

உள்ளேயிருந்து. கதவின் அடியில். இரும்பில் இரும்பு.

"உசிரோட இருக்காங்க!" என்றாள் கலீனா அக்கா.

டொக், டொக்... டொக். அதே இடைவெளி. முப்பத்தெட்டு நிமிடம் கேட்ட சத்தம். எனக்கு மறக்குமா?

5.27. குறட்டின் அலகை உள்ளே விட்டேன். சாவி முனை சிக்கியது.

டொக், டொக்... டொக்.

திருப்பினேன். வழுக்கியது. மறுபடி கவ்வினேன்.

தட்டல் மேலே ஏறி வந்தது. முட்டி உயரம். இடுப்பு உயரம். இப்போது என் கைக்கு நேராக...

சாவி அசைந்தது.

நான் அசைக்கவில்லை.

அந்தப் பக்கத்தில் யாரோ அதைப் பிடித்திருந்தார்கள். மெதுவாக... நான் திருப்பும் பக்கமே...

"போதும்ப்பா," என்றேன். என்னை அறியாமல் வந்துவிட்டது. "நிறுத்துங்கப்பா. நான் வந்துட்டேன்."

தட்டல் நின்றது.

உள்ளே ஏதோ இரும்புச் சாமானைத் தரையில் வைக்கும் சத்தம். டிங்...

சாவி சுற்றியது.

5.31. சரியாக நாலு நிமிடம்.

கதவு திறந்தது. சில்லென்று ஒரு காற்று என் தோளை உரசிக்கொண்டு வெளியே போனது. பின்னால் கலீனா அக்கா சுவரோரம் ஒதுங்கினாள். எதற்கு ஒதுங்கினாள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

நடையில் யாரும் இல்லை.

தரையில் காலணி போடும் நீள இரும்புக் கரண்டி ஒன்று மட்டும் கிடந்தது.

ஷாயிர்குல் அம்மா கடைசியில், சமையலறையில் கிடந்தார். தொடை எலும்பு முறிந்து ஓர் அங்குலம் நகர முடியாத நிலை. உயிர் இருந்தது. தட்டில் ஆறு ரொட்டி. ஏழாவது சட்டியிலேயே கிடந்தது. அடுப்பு அணைந்திருந்தது.

"நீங்கதான் தட்டினீங்களாம்மா?"

இல்லை என்று தலையை ஆட்டினார். அதற்குள் கலீனா அக்கா கூப்பிட்ட ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனைக்குப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"ஒரு பெரியவர் வந்திருந்தாரும்மா. பூட்டின வீட்டுக்குள்ள எப்படி வந்தாருன்னு கேக்காத, எனக்குத் தெரியாது. எரிஞ்சுக்கிட்டிருந்த அடுப்பை அவர்தான் அணைச்சாரு. இல்லன்னா வீடே பத்தியிருக்கும். 'வாசனை பிடிச்சு வந்தேன், எங்க வீட்டுல பொரிக்கிறதில்ல'ன்னாரு. ரொட்டி எடுத்துக்கங்கன்னேன், வேணாம்னுட்டாரு. 'என் பொண்ணு வெளிய நிக்கிறா, நான் தட்டணும்'னு வாசலுக்குப் போனாரு."

நான் கட்டில் விளிம்பில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வயசான காலத்துல எதுக்கு இவ்ளோ நேரம் தட்டிக்கிட்டு, உக்காருங்கன்னேன். அதுக்கு அவரு, 'நிறுத்துனா பயந்துடுவேன்னு சொல்லியிருக்கா. அவ சொல்ற வரைக்கும் தட்டணும்'னாரும்மா."

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அழுதேன். அப்பா பதினோரு மாதமாகத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். போதும் என்று நான்தான் சொல்லவில்லை.

அன்று மாலையே யூசுர் அண்ணனிடம் போய், வேலைக்கு வருகிறேன் என்றேன்.

"அப்போ ஊறுகா?"

"போடல."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கிண்டல் செய்யவில்லை. இன்னும் பல் வெட்டாத ஒரு கட்டு வெற்றுச் சாவிகளை என் பக்கம் தள்ளினார்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். நேற்று கலீனா அக்கா வந்தாள். அன்றைக்கு நான் மறந்து வைத்துவிட்ட விளக்கைக் கொடுத்தாள். போகிறபோது கேட்டாள்.

"அன்னைக்குக் கதவு திறந்ததும் உள்ளேருந்து வெளிய போனாரே ஒரு பெரியவர், அவரு யாரு? நான்கூட ஒதுங்கி வழி விட்டேனே."

"எந்தப் பெரியவர்?"

"நீ பாக்கலயா? உன்னை உரசிக்கிட்டுத்தானே போனாரு! அந்தப் பனியில இடது கால்ல மட்டும் செருப்பு. எனக்கு மனசு கேக்கல. 'ஐயா, இன்னொரு செருப்பு எங்க'ன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"'என் பொண்ணு வீட்டுல இருக்கு. வியாழக்கிழமை போய் வாங்கிக்கிறேன்'னாரு."

இன்று வியாழன். மணி 5.27. அடுப்பில் எண்ணெய் காய்கிறது. ஆறு ரொட்டி பொரித்தாகிவிட்டது. வலது செருப்பைத் துடைத்து வாசலில் வைத்திருக்கிறேன். கதவில் சாவி இல்லை. கதவை நான் பூட்டவும் இல்லை.