லதா கேட்ட டீசல் வண்டி

செம்பூரில் அந்தக் கார் ஷோரூமுக்கு வருகிற குடும்பங்களெல்லாம் அநேகமாக ஒரே மாதிரிதான் வரும். கணவன் மனதில் ஒரு வண்டி இருக்கும், மனைவி மனதில் ஒரு நிறம் இருக்கும், பிள்ளைகளுக்குக் கூரையில் திறக்கிற கண்ணாடி இருந்தே ஆகவேண்டும். அரைமணி நேரத்தில் எல்லாரும் குழம்பி, விற்கிறவர்களையும் குழப்பிவிடுவார்கள். ஐந்து சீட்டா ஏழு சீட்டா, நடு மாடலா உச்ச மாடலா, பெட்ரோலா டீசலா என்று பேச்சு சுற்றிச் சுற்றி வரும்போது மேனேஜர் தௌசீப், "கண்ணன் பாயைக் கேளுங்கள்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்.

கண்ணன் பாய், அதாவது கண்ணன் அண்ணன், என்பது சுடலைக்கண்ணன். வயது ஐம்பத்தெட்டு. வீடு தாராவி, பேச்சு மட்டும் இன்னமும் திருநெல்வேலி. இருபது வருஷம் டாக்சி ஓட்டினார். பதினோரு வருஷமாக இங்கே டெமோ வண்டிக்குப் பொறுப்பு. வாங்க வருகிறவர்களை ஓட்டவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து வரவேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் மனிதருக்கு வாய் சும்மா இருக்காது. மூன்று கேள்வி கேட்பார். வீட்டில் எத்தனை பேர்? தினமும் எத்தனை கிலோமீட்டர் ஓடும்? வருஷத்துக்கு ஒரு தடவையாவது சொந்த ஊருக்கு வண்டியிலேயே போவீர்களா? மூன்றாவது கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால்தான் அவர் வாயிலிருந்து டீசல் என்ற சொல் வரும்.

கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மூன்று நான்கு கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கு டீசல் ஆகாது, புகையை வடிகட்டுகிற ஃபில்டரில் கரி அடைத்துக்கொண்டு மாதாமாதம் சர்வீஸ் சென்டரில் போய் நிற்பீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். விலை கூடின வண்டியை விற்க நினைத்தவர்கள் முறைப்பார்கள். தப்பான இன்ஜினை ஒருத்தர் தலையில் கட்ட என்னால் ஆகாது என்பார். வண்டி விஷயத்தில் அவர் வாயில் ஒரு பொய் வந்ததில்லை. வீட்டு விஷயத்தைத்தான் இனிச் சொல்லவேண்டும்.

அவருக்கு ஒரே மகள், பிரேமலதா. ஏழு வருஷத்துக்கு முன்னால், உல்லாஸ்நகரில் துணிக்கடை வைத்திருக்கும் நரேஷ் என்ற சிந்திப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். செய்தி வந்த அன்று சுடலைக்கண்ணன் தெருக்குழாயில் ஒரு குடம் தண்ணீர் பிடித்து, சந்து முழுக்க வேடிக்கை பார்க்க, தலையில் கவிழ்த்துக்கொண்டார். தலைமுழுகியாச்சு, எனக்கு மகள் இல்லை என்றார். அவர் மனைவி ஆறுமுகத்தாய் வீட்டுக்குள் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு நின்றாள். குழந்தை பிறந்து நாற்பதாம் நாள் லதா இனிப்புப் பெட்டியும் குழந்தையுமாக வந்தாள். கதவு திறக்கவில்லை. பெட்டி மூடியில் தன் புது நம்பரை எழுதி வாசலில் வைத்துவிட்டுப் போனாள். சுடலைக்கண்ணன் அந்த மூடியைக் கிழித்துப் பர்சில் வைத்துக்கொண்டார். தூரப் போடவும் இல்லை, ஒரு தடவை கூடப் பேசவும் இல்லை.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால், ஆடி மழையில், ஆறுமுகத்தாய்க்கு இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்துவிட்டது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தினமும் மகளைக் கேட்டாள். நாலாம் நாள் சுடலைக்கண்ணன், போன் பண்ணிவிட்டேன், வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள் என்றார். துக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்களிடமும் அதையேதான் சொன்னார். பெற்ற தாய்க்கு வராதவள் என்று எல்லாரும் லதாவைத் திட்டித் தீர்த்தார்கள். அவளுக்குச் சொல்லவேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, சொல்லியாச்சு என்றுதானே நினைத்திருந்தார்கள். லதாவைப் பொறுத்தவரை அவள் அம்மா தாராவியில் உயிரோடு இருந்தாள்.

கார்த்திகை மாதத்தில் ஒரு சனிக்கிழமை அந்தக் குடும்பம் ஷோரூமுக்குள் வந்தது. கணவன், மனைவி, ஐந்து வயசுப் பெண் குழந்தை, கணவனின் அம்மா. டெமோ வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த சுடலைக்கண்ணன் நடையை வைத்தே மகளைக் கண்டுகொண்டார். கை நின்றுவிட்டது. லதா அவரைப் பார்த்தாள், தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. கும்பிட்டாள், எல்லாரும் கும்பிடுகிற மாதிரி. நரேஷோ அவன் அம்மாவோ அவரை ஒருநாளும் பார்த்ததில்லை.

மாமியார்க்காரி வாய் ஓயாத பெண்மணி, நல்லவளும் கூட. வந்ததும் வராததுமாக இந்தியில் அவரிடமே புலம்பினாள். வீட்டுக்குப் பக்கத்துக் கல்யாண் ஊரிலேயே ஷோரூம் இருக்கிறதாம், இந்தப் பெண் செம்பூருக்குத்தான் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாளாம், இரண்டு மணி நேரம் டிராபிக்கில் இடுப்பு போய்விட்டதாம். தன்னைத் தேடித்தான் வந்திருக்கிறாள். இத்தனை வருஷம் கழித்து மகள் வந்திருக்கிறாள் என்று ஒரு நிமிஷம் சுடலைக்கண்ணன் சந்தோஷப்பட்டது நிஜம்.

வழக்கமான மூன்று கேள்விகளைக் கேட்டார். வீட்டில் நாலு பேர் என்றான் நரேஷ். கடை மூன்று கிலோமீட்டர், லதா வேலை பார்க்கிற லேபுக்கு ரயிலில் போகிறாள். ஊருக்குப் போவீர்களா என்ற கேள்விக்கு மாமியார்தான் பதில் சொன்னாள். எங்களுக்கு உல்லாஸ்நகர்தான் ஊர், இவளுக்குப் பிறந்த வீட்டில் யாரும் இல்லை பாய், என்றாள். சுடலைக்கண்ணன் கையிலிருந்த துணியை மடித்தார், மறுபடி பிரித்து மடித்தார்.

அப்படியானால் பெட்ரோல்தான். அவர் வாய் திறப்பதற்குள் லதா, டீசல் வேண்டும் என்றாள். நரேஷ் சிரித்தான். இரண்டு மாதமாக வீட்டில் இதே சண்டையாம், காரணம் கேட்டால் சொல்லமாட்டாளாம். குழந்தைக்குக் கண்ணாடிக் கூரை வேண்டும் என்பதால் அவன் உச்ச மாடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். லதா அதைக் கண்டுகொள்ளவே இல்லை. நடு மாடலிலேயே ஏறுவதற்குப் படி வைத்துத் தருவார்களா, பின் சீட் எவ்வளவு சாயும், மூட்டு வலிக்காரர்கள் ஏறி உட்கார்ந்து ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் வலியில்லாமல் வரமுடியுமா என்று ஒவ்வொன்றாக இந்தியில் கேட்டாள். எனக்கு மூட்டு நன்றாகத்தானே இருக்கிறது, இப்போதே கிழவியாக்கிவிட்டாளே, என்று மாமியார் கேலி பண்ணினாள்.

யார் மூட்டு என்று சுடலைக்கண்ணனுக்குத் தெரியும். ரயில் படியில் ஏறமுடியாமல் ஆறுமுகத்தாய் ஊர்ச் சாஸ்தா கோயிலுக்குப் போவதை நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்தது. சந்தோஷமெல்லாம் அந்த இடத்திலேயே வடிந்து, பயம் வந்தது. பதினோரு வருஷத்தில் சொல்லாத ஒன்றை அப்போது சொன்னார்: தாராளமாக டீசல் எடுக்கலாம், நல்ல வண்டி. தௌசீப் திரும்பிப் பார்த்தார்.

நரேஷ் நிறமும் இன்சூரன்சும் பேச தௌசீப்போடு உட்கார்ந்தான். குழந்தை பாட்டி மடியில் தூங்கிவிட்டது. லதாதான் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினாள். மான்குர்த் வரை போய்த் திரும்புவது வழக்கம். தேவ்னார் சிக்னல் வந்தது. சிவப்பு விழுந்ததும், ரோட்டைப் பார்த்தபடியே தமிழில் பேசினாள்.

"ஒங்களப் பாக்க வரல. அம்மாவ ஊருக்குக் கூட்டிட்டுப் போகத்தான் வண்டி வாங்குதேன், என் சம்பளத்துல. நீங்கதான தலமுழுகுனீங்க, அம்மா முழுகலயே. தை மாசம் வாரேன். ரோட்டுல வண்டிய நிறுத்திட்டு நானே வந்து கூட்டிட்டுப் போறேன். நீங்க வரவேண்டாம், மறிக்காம இருந்தாப் போதும்."

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, அதற்குள் எதையாவது யோசித்துக்கொள்ளலாம். சுடலைக்கண்ணன் அப்படித்தான் நினைத்தார், அதை மறைப்பதில் பிரயோஜனம் இல்லை. பச்சை விழுந்தது. லதா நன்றாக ஓட்டினாள், அவர் சொல்லிக்கொடுத்த ஓட்டம்தான். மூன்று கிலோமீட்டர் கடை, நாலு பேர், ஊருக்குப் போக ஆளில்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் ஃபில்டர் அடைத்துவிடும். இது தப்பான இன்ஜின். செத்தவளுக்காக இந்தப் பெண் ஒரு டீசல் வண்டியை வாங்கப் போகிறாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டு வருகிறேன். பெண்டாட்டி கேட்டு வராத உண்மை, மகளைப் பார்த்து வராத உண்மை, கேவலம் ஒரு ஃபில்டருக்காக வந்தது.

"டீசல் வேண்டாம் லதா."

"ஏன்?"

"அம்மா இல்லட்டி. ரெண்டு வருசமாச்சு."

அவள் சடாரென்று பிரேக் போடவில்லை. இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, வண்டியை மெல்ல இடது ஓரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். எப்போது, என்ன, எத்தனை நாள் என்று கேட்டாள். சொன்னார். கொள்ளி வைத்தது யார் என்று கேட்டாள். சித்தப்பா மகன் நயினார் என்றார்.

"என்னயக் கேட்டாளா?"

நினைவு தப்பிவிட்டது, ஒன்றும் பேசவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் சொல்ல ஆரம்பித்தவருக்கு நிறுத்த முடியவில்லை. தினமும் கேட்டாள் என்றார். ஒன்கிட்டப் பேசுனேன், நீ வரமாட்டேன்னுட்டேன்னு நான்தான் அவகிட்டச் சொன்னேன் என்றார். ஊருக்கெல்லாம் அப்படித்தான் சொன்னேன் என்பதையும் சொன்னார்.

"நம்பிட்டாளா?"

"நம்பிட்டா."

"என்ன சொன்னா?"

"அவ கோவம் நியாயந்தானேன்னா. பொறவு கேக்கல."

லதா அழுதாள். பெரிய சத்தமெல்லாம் இல்லை, மூச்சு மட்டும் விட்டுவிட்டு வந்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் கை அவள் தோளுக்குப் பக்கத்தில் போய்த் திரும்பி வந்துவிட்டது. தொடுகிற யோக்கியதையை அவரே ஒரு குடம் தண்ணீரில் கரைத்துவிட்டிருந்தார். கடைசியில் அவள் முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, "பின்னால போய் உக்காருங்க" என்றாள். இறங்கிப் பின்னால் போய் உட்கார்ந்தார். சீட் நன்றாகத்தான் சாய்ந்தது. காலை நீட்டவும் இடம் இருந்தது, மூட்டுக்கு ஒன்றும் தெரியாது. ஆறுமுகத்தாய் சுகமாக வந்திருப்பாள். அந்த நினைப்பு வந்ததும் அவரும் அழுதார். முன்னால் இருந்தவள் திரும்பவில்லை. மான்குர்த்தில் வளைத்து வந்தவழியே ஓட்டிக்கொண்டு வந்தாள்.

ஷோரூமில் இறங்கியதும் லதா நேரே நரேஷிடம் போனாள். பெட்ரோலே எடுத்துக்கொள்ளலாம், படி வேண்டாம், குழந்தைக்குப் பிடித்த கண்ணாடிக் கூரை மாடலே இருக்கட்டும் என்றாள். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று அவன் கேட்டான். மான்குர்த் புகை என்றாள். இரண்டு மாதம் சண்டை போட்டவள் பத்து கிலோமீட்டரில் எப்படி மாறினாள் என்று மாமியாருக்கு ஒரே ஆச்சரியம். இவர்தான் உண்மையைச் சொன்னார், நமக்கு டீசல் தேவைப்படாதாம் என்று லதா அவரைக் காட்டினாள்.

மாமியார் உருகிப்போனாள். கடைக்கு நஷ்டமானாலும் பரவாயில்லை என்று நிஜத்தைச் சொல்கிற மனிதர்கள் இந்தக் காலத்தில் எங்கே இருக்கிறார்கள் என்றாள். உங்களைப் போல ஒருவர் வீட்டில் பெரியவராக இருக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று இரண்டு கையும் சேர்த்துக் கும்பிட்டாள். உன் பாஷைக்காரர், உனக்கு அப்பா மாதிரி என்று லதாவிடம் சொன்னாள். தூக்கம் கலைந்த குழந்தையைத் தட்டிக்கொடுத்து, "நானாஜிக்கு டாட்டா சொல்லு" என்றாள். நானா என்றால் அம்மாவைப் பெற்ற தாத்தா.

குழந்தை கையைத் தூக்கியது. லதா அந்தக் கையை மெல்லப் பிடித்துக்கொண்டாள்.

"நானா இல்ல பேட்டா. அங்கிள்."

"பை அங்கிள்" என்றது குழந்தை.