முன்வாசல் சப்பாத்து

லண்டன் விழுங்குவதற்கு முன் அது ஒரு கிராமத்துச் சத்திரம். ஸ்ட்ரெதமிலிருந்து பஸ் மாறிப் போகவேண்டும். குதிரை வண்டி நுழையும் வளைவு வாசல், வயிறு தள்ளிய வெள்ளைச் சுவர்கள், தலையில் இடிக்கும் கறுத்த ஓக் உத்திரங்கள், ஆள் உள்ளே நிற்கக்கூடிய கணப்பு. எண்பதுகளில், அது மதுக்கடையாக இருந்தபோது, அங்கே துப்புரவு வேலைக்குப் போனேன்.

முதல் நாள், அந்தப் பழைய வாசல் நிலையைக் கண்டதும் கை தானாகச் சப்பாத்தைக் கழற்றிவிட்டது. இத்தனை தலைமுறை வாழ்ந்த வீட்டுக்குள் சப்பாத்தோடு எப்படிப் போவது? முதலாளி அதை விரல் நுனியில் தூக்கி, குடித்துக்கொண்டிருந்தவர்களுக்குக் காட்டினான்.

"இது கோயில் என்று நினைத்தாயா? உனக்குப் பின்வாசல்" என்று சொல்லி, பின்முற்றத்துச் சேற்றில் வீசினான். ஒரே சிரிப்பு. 'நாசமாய்ப் போவான், இதே வாசலில் இவனைக் கழற்ற வைக்கிறன்' என்று கல் தரையைத் துடைக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தேன்.

தொண்ணூறுகளில் அவனுடைய வியாபாரம் படுத்தது. வெம்பிளியில் கடை வைத்திருந்த மச்சானும் நானும் சத்திரத்தை வாங்கினோம். பழங்காலக் கட்டடம், ஓர் ஆணி அடிக்கவும் கவுன்சிலைக் கேட்கவேண்டும் என்றதும், "இதென்ன கோதாரி!" என்றான் மச்சான். அவன் கூரையைப் பார்த்தான். நான் வாசலை மட்டும் பார்த்தேன்.

பால் காய்ச்சிய அன்று நல்ல மழை. பாருக்கு மேலே தொங்கிய தன் தகப்பனின் வெண்கல மணியை மறந்துவிட்டதாகப் பழைய முதலாளி வந்து நின்றான். என்னை அடையாளம் தெரியவில்லை. அது இன்னும் எரிச்சல். நிலையில் கையூன்றி மறித்தேன்.

"சப்பாத்தைக் கழற்றுங்கள்."

"விடுங்கோவன், வயசு போன மனுசன், குனிய ஏலாது" என்றாள் என் மனைவி.

"ஏலும். ஆறுதலாய்க் கழட்டட்டும்."

சுவரைப் பிடித்து, மூச்சு வாங்கக் கழற்றினான். எனக்கு வாயில் சர்க்கரை போட்டதுபோல் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். உள்ளே கால் வைத்தவன் திடுக்கிட்டான்.

"முப்பது வருடம் இருந்தேன். இந்தத் தரை இவ்வளவு குளிர் என்று தெரியாது."

"எனக்குத் தெரியும். முழங்காலில் நின்று துடைத்தவன் நான்தான்."

அப்போதுதான் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தான்.

மணியைக் கழற்றிக் கையில் கொடுத்தேன். முன்பக்கம் திரும்பியவனை நிறுத்தி, பின்கதவைத் திறந்துவிட்டேன்.

"உங்களுக்குப் பின்வாசல்."

அவனுடைய சப்பாத்து முன்வாசலில் கிடந்தது. முற்றமெல்லாம் சேறு.