பன்னிரண்டு ஆவர்த்தனம்

பாச்சை உருண்டை வாசம் அடித்த இரவல் கோட்டுக்குள் வேர்த்துக்கொண்டே கிளப் வாசலைத் தாண்டி ஈசா டவுன் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். அப்பா பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தார். கோட்டு கொடுத்த டிசோசா அங்கிள் காரை ஓரம் கட்டி இரண்டு தடவை கூப்பிட்டும், "பரவால்ல பாய், நடந்தா ஒடம்புக்கு நல்லது" என்று சொல்லி அப்பா அனுப்பிவிட்டார். பஹ்ரைனில் குளிர்காலத்து வெள்ளிக்கிழமை, மாலை நாலரை மணி வெயில். அப்பாவின் சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு காகிதம் மடங்காமல் நின்றது. போனபோது இருந்தது போலவே, கையெழுத்தில்லாமல்.

அந்தக் காகிதத்துக்கு வளைகுடாவில் 'ரிலீஸ்' என்று பெயர். பழைய கம்பெனி எழுதிக் கொடுத்தால்தான் புதிய கம்பெனிக்குப் போகலாம், இல்லையென்றால் குடும்பத்தோடு ஊருக்கு விமானம் ஏற வேண்டும். அப்பா ஏசி கம்பெனி ஒன்றில் கிளார்க். ஆள் குறைப்பில் அவர் பேரும் வந்துவிட்டது. சித்ரா என்ற ஊரில் வேறு வேலை பார்த்து வைத்திருந்தார், அவர்கள் ஞாயிற்றுக்கிழமை வரைதான் பொறுப்பதாகச் சொன்னார்கள். கையெழுத்துப் போட வேண்டிய ஆங்கிலேய மானேஜரோ சனிக்கிழமை காலை ஒரு மாத லீவில் ஊருக்குக் கிளம்புகிறார்.

மானேஜருக்கு உயிர் ஆபீஸில் இல்லை, கிளப்பின் இசைக்குழுவில் இருந்தது. வருஷா வருஷம் குளிர்காலத்தில் பாட்டும் வசனமும் சிரிப்பும் கலந்த பழைய காலத்து இசை நாடகம் ஒன்றை வெள்ளைக்காரர்கள் அங்கே போடுவார்கள். கையில் குச்சியோடு நின்று நடத்துவது அவர், கதாநாயகியாகப் பாடுவது அவர் மனைவி. அந்த வருஷம் டிம்பனி வாசிப்பவர் மாற்றலாகிப் போய்விட, ஆபீஸில் ஆள் தேடியிருக்கிறார்கள். மிருதங்கம் கற்றுக்கொண்டிருந்த என்னை நினைத்து அப்பா கை தூக்கிவிட்டார். டிம்பனி என்பது தாமிரச் சட்டிக்குத் தோல் போர்த்தியது போன்ற பெரிய முரசு. "கும்பகோணத்துப் பிள்ளை வெள்ளைக்காரன் அண்டாவைத் தட்டப் போவுது" என்று அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. நாடகம் நன்றாக முடிந்து மனிதர் குளிர்ந்திருக்கும்போது காகிதத்தை நீட்டுவது என்பது அவர் போட்டிருந்த கணக்கு.

எனக்கு அப்போது பதினாறு வயது. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. அவர்களுடைய இசைக்குறிப்பு எனக்குப் படிக்கத் தெரியாது. கதாநாயகியின் சோகப் பாட்டில் நான்கு நான்கு எண்ணிக்கையாக இருபத்துநான்கு பகுதிகள் சும்மா இருந்துவிட்டு, இரண்டு அடி அடிக்க வேண்டும் என்றார்கள். எட்டு எண்ணிக்கைக்கு ஒரு சுற்று என்று, ஆதி தாளத்தில் பன்னிரண்டு ஆவர்த்தனம். தொடையில் விரல் விட்டு எண்ணி, ஒத்திகை ஒவ்வொன்றிலும் மயிரிழை பிசகாமல் இறங்கினேன். பக்கத்தில் வயலின் வாசித்த டிசோசா அங்கிள், கோவாக்காரர், "அரே மதராஸி, தொடையில என்னடா தேடுறே? அவர் குச்சியைப் பாரு" என்று கிண்டல் செய்வார். எனக்குப் பார்க்கத் தோன்றவில்லை. நான் படித்த பாடத்தில் தாளம் யாருக்காகவும் காத்திருக்காது. பாடுகிறவர்தான் அதற்குள் வந்து சேர வேண்டும்.

ஒத்திகையில் மானேஜரின் மனைவி முழுக் குரலில் பாடியதேயில்லை, நாடக நாளுக்காகத் தொண்டையைச் சேர்த்து வைத்திருந்திருக்கிறார். அன்றைக்கு உச்ச ஸ்வரத்தைத் தொட்டதும் அதையே நீட்டிப் பிடித்து நின்றுவிட்டார். மானேஜரின் குச்சி தூக்கியபடி அந்தரத்தில் நிற்க, வயலின்காரர்கள் வில்லை இழுத்துப் பிடிக்க, அரங்கமே மூச்சை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறது. நான் தலை குனிந்து தொடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாவது ஆவர்த்தனம் முடிந்தது. ஓங்கி இரண்டு அடி அடித்தேன்.

சிரிப்பு நாடகம் என்பதால் ஜனங்கள் அதையும் வேடிக்கை என்று நினைத்து, சிரித்துக் கை தட்டினார்கள். அந்த அம்மாளின் ஸ்வரம் பாதியில் அறுந்தது. மிச்சப் பாட்டைச் சின்னக் குரலில் பாடி முடித்தார்.

மானேஜர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. நாடகம் முடிந்து டீக் கோப்பையோடு வந்தவர் என் தோளில் தட்டி, இதெல்லாம் நடப்பதுதான் என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, ஏதோ கேட்க வேண்டும் என்றாயே என்று அவராகவே கேட்டார். அப்பாவின் கை சட்டைப் பை வரை போய், நெஞ்சைத் தடவிக்கொண்டு இறங்கியது.

"நத்திங் சார். ஹாப்பி ஜர்னி சார்."

வழியில் ஓடிப்போய் அப்பாவோடு சேர்ந்துகொண்டு, "நான் வேணா திரும்பிப் போய்க் கேக்கட்டுமாப்பா?" என்றேன்.

"கேக்குற மூஞ்சியாடா இது?" என்றார். கொஞ்ச தூரம் போனபின், "ஒன்னைச் சொல்லலை. என் மூஞ்சியும் அப்படித்தான் ஆயிடுச்சு" என்றார்.

அம்மா கதவைத் திறந்ததும் கேட்டாள்: "போட்டாரா?"

"ஊருக்குப் போற அவசரத்துல இருந்தாரு. கூட்டம் வேற."

"இவன் எப்படி வாசிச்சான்?"

"நல்லா வாசிச்சான். எல்லாரும் கை தட்டுனாங்க."

நான் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு போனது. ஒரு மாதத்துக்குள் அம்மாவும் தங்கையும் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். விசா இல்லாமல் ஒளிந்து வேலை பார்க்கிறவர்களை அங்கே 'கல்லிவல்லி' என்பார்கள். அப்பா மூன்று வருஷம் அப்படி இருந்து, பொதுமன்னிப்பில் வெறுங்கையோடு திரும்பினார். பின்னாளில் நான் மஸ்கட், தோஹா, ஜெபல் அலி என்று எங்கெங்கோ போனேன். துபாயில் ஓர் அரங்கத்தில் ஏசி குழாய் துடைக்கும் வேலையில் இருந்தபோது, கூரைக்கு அடியில் படுத்தபடி இசைக்குழுக்களின் ஒத்திகைகளைக் கேட்டிருக்கிறேன். பாட்டு நிற்கும் இடத்தில் முரசு வாசிப்பவர்கூடத் தலை நிமிர்ந்து, நடத்துகிறவரின் குச்சியைத்தான் பார்க்கிறார். இப்போது தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்தக் கிளப் இருந்த இடத்தில் இன்று வாகனம் நிறுத்துகிறார்கள். அங்கே வாசித்தவர்கள் ஒருவர்கூட இப்போது பஹ்ரைனில் இல்லை.

நாடகத்துக்கு மறுநாள் சனிக்கிழமை, அங்கே பள்ளி நாள். சீருடை போட்டுக்கொண்டு கிளம்பி, பஸ் வரும் இடத்துக்குப் போகாமல் தெருமுனை மளிகைக்கடைக்குப் போனேன். 'கோல்ட் ஸ்டோர்' என்று சொல்வார்கள். கடைக்காரர் மம்மது இக்கா, மலையாளி. வீடுகளுக்குத் தண்ணீர் கேன் தூக்க ஆள் வேண்டும் என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்.

"ஸ்கூல் லீவானோ மோனே?"

"ஆமா இக்கா."

"எத்தற திவசம்?" எத்தனை நாளைக்கு என்று கேட்டார்.

ஒரு கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போனேன். இறங்கி வந்தபோது அடுத்த கேனை வாசலில் எடுத்து வைத்திருந்தார். மறுபடி அவர் கேட்கவில்லை.